ஐந்து பேரிடம் செயலியைச் சோதித்தால் போதும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் நிறுவனத்தில் பயனர் ஆய்வுக்குக் காசு தர மறுக்கிறார்கள்.

உங்கள் கம்பெனியில் டிசைனர் என்றால் நீங்கள் ஒரே ஆள்தான், மேனேஜர் "ஆபீஸ்லயே அஞ்சு பேர்ட்ட காட்டி முடிச்சிருங்க" என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலி, இணையதளம் எல்லாம் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இது. அவர் பார்த்த திட்டங்களில், ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் முட்டிக்கொண்டார். அந்தக் கணக்குப்படி ஐந்து பேர் சேர்ந்தால் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்தில் ஒருவர் மட்டுமே தடுக்கி விழுகிற குறை என்றால், ஐந்து பேரில் அது கண்ணில் படுவதற்கான வாய்ப்பு 41 சதவீதம்தான். பயனர்கள் வெவ்வேறு வகையினர் என்றால் ஒவ்வொரு வகையிலும் ஆள் வேண்டும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆபீஸில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே வகை. மேனேஜரிடம் இதைக் காட்டுங்கள்.

இனி என் கதை. காரைக்குடியில் வீட்டிலிருந்தே வேலை, கம்பெனி வேறு ஊர். வீட்டிலிருந்து பலகாரம், ஊறுகாய் செய்து விற்பவர்கள் ஆர்டர் எழுதிவைக்க ஒரு செயலி. ஆபீஸ் சோதனையில் எல்லோரும் பாஸ். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு தெரு தள்ளி, கல்யாணத்துக்குச் சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் செய்துகொடுக்கும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு இரண்டாங்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

கையெல்லாம் மாவு. ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் திரையைத் தட்டினார். நான் பெருமையாக வைத்திருந்த பொடிப் பொத்தான்கள் மூன்றும் அங்கேயே காலி. அதைவிடப் பெரிய அடி அடுத்த பக்கத்தில். வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே "விலாசம்" என்று ஒரு கட்டம். ஆச்சி மூன்று எழுத்துகளைப் புள்ளி வைத்து அடித்தார், "சா.மு.கரு." மாதிரி (எழுத்தை மாற்றியிருக்கிறேன்). "முழு விலாசத்தை உள்ளிடவும்" என்று சிவப்பில் வந்தது. மறுபடி அதையே அடித்தார். மறுபடி சிவப்பு.

"இதுதாப்பா முழு வெலாசம். அவுகளுக்கு இதுக்கு மேல கெடையாது."

வெளியூர்க்காரர்களுக்கு: நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் அந்தக் குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில் அந்த எழுத்துகளே கடையின் பெயராகவும் இருந்தன. கதவு எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் நகரத்தார் இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன். எனக்கே தோன்றவில்லை பாருங்கள், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இன்னும் இரண்டு ஆச்சிமார். அதே கதை. நான்காவதாக மெஸ் நடத்தும் ஓர் அக்கா, அவர் தெருப் பெயர், பின்கோடு எல்லாம் ஒழுங்காக அடித்தார். "இது ஒரு ஊர்ப் பிரச்சினை, இதுக்குப் போய் இவ்வளவா" என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், மதுரையில் இது குறையே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். "அனுப்ப வேண்டிய இடம்" என்று தலைப்பை மாற்றினேன், மதுரைக்காரருக்கும் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

வயிற்றெரிச்சல் அதற்கு அப்புறம்தான். மாதக் கூட்டத்தில் மேனேஜர் ஒரு ஸ்லைடு போட்டார். "75 சதவீதப் பயனர்கள் முகவரிப் பகுதியில் தடுமாறுகிறார்கள்." நான்கில் மூன்று பேர், ஐயா! நான்கு பேரை வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கலாம், சதவீதம் போடக்கூடாது. ஸ்லைடில் என் பெயரும் இல்லை, அது வேறு விஷயம். அதே கூட்டத்தில் இன்னொருவர், "செட்டிநாடு ஃபீல்" வர பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் டிசைனைப் பின்னணியில் போடலாம் என்றார். அந்தப் பூவுக்கு மேல் எழுத்து வைத்தால் எவன் படிப்பான்? நெடுஞ்சாலையில் பார்க்கிற ஓட்டல் போர்டில் எல்லாம் செட்டிநாடு, உள்ளே போனால் சிவப்புக் கலர் போட்ட பன்னீர். இப்போது செயலிக்கும் வந்துவிட்டார்கள். சரி, விடுங்கள்.

காசு வேண்டாம், நீங்களே போங்கள். அவர்கள் வேலை பார்க்கும் நேரத்தில், வேலை பார்க்கும் இடத்துக்கு. என் செலவு ஒரு கிலோ அதிரசம், அதையும் ஆச்சி பாதி விலைக்குத்தான் தந்தார். செயலியைக் காட்டுவதற்கு முன் அவர்களுடைய நோட்டைக் கேட்டுப் பாருங்கள், நான் கடைசியில்தான் கேட்டேன். அதில் ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் "டின்" என்று எழுதி, சிலதை வட்டம் போட்டிருந்தார். பலகாரம் போட்டுக்கொடுத்த டின் திரும்பி வந்தால் வட்டம். எங்கள் செயலியில் அதற்கு இடமே இல்லை.

போன மாதம் போயிருந்தேன். ஆர்டர் எல்லாம் இப்போது செயலியில்தான். "குறிப்பு" கட்டத்தைத் திறந்து பார்த்தால் வரிசையாக "டின் வரலை", "டின் வரலை", "ரெண்டு டின் வரலை". அதற்கென்று ஒரு கட்டம் அடுத்த பதிப்பில் வரும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். ஆறு மாதமாகச் சொல்கிறார்கள்.