அந்த சர்வரில் பறக்கிறது, இந்த சர்வரில் ஊர்கிறது: டேட்டாபேஸ் கேள்வி பதில்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, கோயில் நன்கொடைக் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. பழைய சர்வரில் இரண்டு விநாடியில் வந்த ரிப்போர்ட், ரீஸ்டோர் செய்த புது சர்வரில் நான்கு நிமிடம் எடுக்கிறது. ரேம் நான்கு மடங்கு. டேட்டா, இண்டெக்ஸ் எல்லாம் அதேதான். டிஸ்க் கோளாறா?

டிஸ்கை அப்புறம் திட்டலாம் தம்பி. இரண்டு சர்வரிலும் அதே குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) முன்னால் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' போட்டு, இரண்டு பிளானையும் (விடை தேட டேட்டாபேஸ் போட்ட வழித்திட்டத்தையும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எத்தனை ரோ (டேபிளில் ஒரு பதிவு) வரும் என்ற மதிப்பீடும், நிஜமாக வந்த எண்ணிக்கையும் வரிக்கு வரி இருக்கும். ஒன்று வரும் என்று நினைத்த இடத்தில் இரண்டு லட்சம் வந்திருந்தால், டேட்டாபேஸ் நெஸ்டட் லூப்பை (ஒவ்வொரு ரோவுக்கும் இன்னொரு டேபிளில் போய்த் தேடும் முறையை) தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் டேபிளை இரண்டு லட்சம் தடவை தட்டிக்கொண்டிருக்கும். அந்த மதிப்பீடு டேபிள்களைப் பற்றிய புள்ளிவிவரத்திலிருந்து வருகிறது. டம்ப் (நகல் கோப்பு) எடுத்து ரீஸ்டோர் செய்யும்போது அது வழக்கமாக உடன் வராது. அதைப் புதிதாகத் திரட்டும் 'அனலைஸ்' கட்டளையைப் புது சர்வரில் ஒரு தடவை ஓட்டிவிட்டு வாருங்கள்.

அவரே: ஓட்டினேன், ரிப்போர்ட் சரியாகிவிட்டது! பெயரின் முதல் எழுத்துகளை வைத்துத் தேடுவது மட்டும் இன்னும் மெதுவாக இருக்கிறது.

இரண்டு டேட்டாபேஸின் கொலேஷனையும் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியையும்) பாருங்கள். பழையது 'சி', புதியது வேறு ஏதாவதாக இருக்கும். அப்படியானால் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் (வழக்கமான இண்டெக்ஸ் வகை) முதல் எழுத்துகளை வைத்துத் தேடும் 'லைக்' தேடலுக்கு உதவாது. 'டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ்' (text_pattern_ops) சேர்த்து இன்னொரு இண்டெக்ஸ் கட்டுங்கள். ரேமைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஷேர்ட் பஃபர்ஸ் (டேட்டாவை வைத்திருக்க போஸ்ட்கிரெஸ் ஒதுக்கும் மெமரி) வழக்கமாக 128 எம்பியில்தான் தொடங்கும். நீங்கள் கூட்டாவிட்டால் தானாகக் கூடாது.

ஜோகன்னஸ்பர்க், லெனேசியாவிலிருந்து: எங்களிடம் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர். ஒரே குவெரி அதன் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் உடனே வருகிறது, அப்ளிகேஷனில் டைம் அவுட். சர்வர் ஒன்றுதானே?

சர்வர் ஒன்று, பிளான் இரண்டு. 'அரித்அபார்ட்' (கணக்கில் பிழை வந்தால் குவெரியை நிறுத்தும்) செட்டிங் ஸ்டூடியோவில் ஆன், அப்ளிகேஷனில் பெரும்பாலும் ஆஃப். அதனால் தனித்தனி பிளான் கேஷில் (மறுபடி பயன்படுத்தச் சேமிக்கும் மெமரியில்) உட்காரும். அப்ளிகேஷனின் பிளான் முதலில் வந்த ஏதோ ஒரு பாராமீட்டர் மதிப்புக்குத் தைத்த சட்டை, மற்ற மதிப்புகளுக்குப் பொருந்தாமல் போகலாம். அரித்அபார்ட்டை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், நம்பாதீர்கள். புதிய பிளான் பிறப்பதால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். 2016 பதிப்பிலிருந்து பிளான்களைப் பதிவு செய்து வைக்கும் குவெரி ஸ்டோர் இருக்கிறது, அதில் நல்ல பிளானைப் பிடித்து நிறுத்துங்கள். அல்லது அந்தக் குவெரிக்கு மட்டும் 'ரீகம்பைல்' கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிய பிளான் போடும்.

டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து: லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாமே மெதுவாகிறது அக்கா.

மெமரியில் இருந்த பக்கங்கள் போய்விட்டன, டிஸ்கிலிருந்து மறுபடி ஏற வேண்டும். சிறிது நேரத்தில் தானாகத் தேறினால் விட்டுவிடுங்கள். எழுதுவது மட்டும் நாள் முழுக்க இழுத்தால் ரெய்டு கார்டின் (பல டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டின்) பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் கார்டு ரைட் பேக்கை (முதலில் தன் மெமரியில் எழுதும் வேகமான முறையை) விட்டு ரைட் த்ரூவுக்கு (டிஸ்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் முறைக்கு) இறங்கிவிடும்.

மொரிஷியஸ், எபேனிலிருந்து: எங்கள் டேட்டாபேஸ் டர்பனில். அங்கே குவெரி 2 மில்லிசெகண்ட், இங்கே ஒரு பக்கம் திறக்க 15 விநாடி!

பக்கத்துக்கு எத்தனை குவெரி போகிறது என்று எண்ணினீர்களா? நடுவில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடல். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரக் குறைந்தது 30 மில்லிசெகண்ட். ஓஆர்எம் (அப்ளிகேஷனுக்காகக் குவெரியைத் தானே எழுதும் லைப்ரரி) ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு குவெரி அனுப்பி, ஐந்நூறு தடவை போய்வந்தால் உங்கள் 15 விநாடி வந்துவிட்டது. இண்டெக்ஸ் போட்டுப் பிரயோஜனமில்லை. ஜாயின் போட்டு (டேபிள்களை இணைத்து) ஒரே குவெரியாக்குங்கள், முடியாவிட்டால் அப்ளிகேஷனையே டர்பனுக்கு நகர்த்துங்கள்.