92 வயசுல போன அம்மாவுக்காக அழுறது தப்பா?

வணக்கம் மேடம். எனக்கு 57 வயசு, மலேசியாவுல கிள்ளான்ல இருக்கேன், ரெண்டு பசங்க, பாட்டியும் ஆயிட்டேன். அம்மா தவறி அஞ்சு மாசம் ஆகுது. 92 வயசு. வந்தவங்க எல்லாரும் "கல்யாணச் சாவும்மா, பேரன் பேத்தி எல்லாம் பாத்துட்டு போயிருக்காங்க, அழக்கூடாது"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க, அண்ணன்கூட முப்பதாம் நாள் படையல் முடிஞ்சதும் அவங்க அலமாரிய காலி பண்ணலாம்னு சொல்லிட்டாரு. என்னால முடியல மேடம்.

அம்மாவோட அப்பாவும் அம்மாவும் 1929-ல சேலம் பக்கத்துல இருந்து நாகப்பட்டினம் வந்து ரஜூலா கப்பல்ல ஏறி பினாங்கு வந்தவங்க. அம்மா 1932-ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல, தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயத்து வீட்டுல பொறந்தாங்க. ஜப்பான்காரன் காலத்துல, 1943-ல, தாத்தாவ சயாம்-பர்மா ரயில் பாதை போட லாரில ஏத்திட்டு போனாங்க, அப்ப அம்மாவுக்கு 11 வயசு. ஏறுறதுக்கு முன்னாடி மங்கு குவளையில கோப்பி குடுத்திருக்காங்க, அவர் பாதி குடிச்சிட்டு மீதிய மக கையில குடுத்துட்டு போனாரு, அதோட சரி, எங்க செத்தாரு எப்ப செத்தாருன்னு யாருக்கும் தெரியாது. 12 வயசுல அம்மா கத்தி புடிச்சாங்க. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பெரட்டுக்கு, அதான் பேர் கூப்பிடுற எடத்துக்குப் போய், நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு பால் மரம் வெட்டி, தோள்ல காண்டா கம்பு வச்சு பால் வாளி தூக்கி, கைக்குழந்தைய ஆயாக்கொட்டாயில விட்டுட்டு அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல. ஏழு பெத்து ரெண்ட காய்ச்சல்ல விட்டாங்க. எங்கப்பா போனப்ப எனக்கு ஆறு வயசு. நாங்க அஞ்சு பேரும் ஸ்கூல் முடிச்சது அவங்க வெட்டுன மரத்துல.

கடைசி 11 வருஷம் என்கூடத்தான் இருந்தாங்க. இந்த டெரஸ் வீட்டுலயும் நாலு மணிக்கு எந்திரிச்சு ஜன்னல் பக்கம் நின்னு வானத்த பாப்பாங்க, மழை பேஞ்சா "இன்னிக்கு மரம் ஈரம், பால் வெட்ட முடியாது"ன்னு சொல்லிட்டு மறுபடி படுத்துக்குவாங்க. இப்ப எனக்கு நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது, மழை பேஞ்சா அழுகை நிக்க மாட்டேங்குது.

மனசுல அறுக்குறது இன்னொன்னு. போன வருஷம் "பொறந்த தோட்டத்த ஒருவாட்டி பாக்கணும்டி"ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டாங்க. "அங்க என்னம்மா இருக்கு, எல்லாம் பாமாயில் செம்பனை ஆயிடுச்சு, ஸ்கூல் லீவுல பாக்கலாம்"னேன். லீவு வந்தப்ப அவங்க படுத்த படுக்கை. அலமாரிய தொறந்தப்ப பழைய புடவைத் துணியில சுத்தி அவங்க பால் வெட்டுற கத்தி இருந்துச்சு மேடம். அண்ணன் துருப்புடிச்சது தூக்கிப் போடுன்னாரு. நான் ஒளிச்சு வச்சிருக்கேன். எனக்கு ஏதாச்சும் மனநோயா?

*

அன்புள்ள சகோதரி,

இல்லம்மா, நோய் இல்ல. 92 வயசுல போறது ஊருக்குத்தான் கல்யாணச் சாவு, உங்களுக்கு அம்மா செத்துப்போயிருக்காங்க. சின்ன வயசுல போனவங்கள நினைச்சு அழுதா ஊரே கூட அழும், வயசானவங்களுக்காக அழுதா "போதும்"னு சொல்லிடுது. இந்த மாதிரி மத்தவங்க ஒத்துக்காத துக்கத்துக்கு கென்னத் டோகாங்கற ஆராய்ச்சியாளர் 1989-லயே தனியா ஒரு பேரு வச்சு எழுதியிருக்காரு, ஏன்னா வெளிய காட்ட முடியாம உள்ளயே வச்சுக்கும்போது அது இன்னும் கனமாகுது. அதுவும் 11 வருஷம் மருந்து, கஞ்சி, குளியல்னு உங்க நாள் முழுக்க அவங்களச் சுத்தியே ஓடியிருக்கு. கை திடீர்னு சும்மா ஆயிடுச்சு, நாலு மணிக்கு முழிப்பு வராம எப்படி இருக்கும்?

தோட்டம் விஷயத்துல தப்பே இல்லன்னு நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கூட்டிட்டு போயிருக்கலாம், ஆமா. ஆனா நீங்க மாட்டேன்னு சொல்லல, லீவுல போகலாம்னு நினைச்சீங்க, இன்னும் நாள் இருக்குன்னு நம்புனீங்க. இப்பவும் போகலாம். செம்பனையா இருந்தா இருக்கட்டும். புள்ளைங்களையும் பேரப்புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, அம்மா சொன்ன லயம், பெரட்டுக் களம், கோயில், எது மிஞ்சியிருக்கோ அங்க நின்னு அவங்க கதைய அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க.

உங்க கடிதத்துல அந்த மங்கு கோப்பி என்னை விடல. உங்க தாத்தாவோட உடம்பு இல்ல, தேதி இல்ல, கொள்ளி வைக்க முடியல, அந்த 415 கிலோமீட்டர் சயாம் தண்டவாளத்துல எங்கயோ. உங்கம்மா அவர எப்படி நினைச்சாங்க, தீபாவளிக்கு முந்தின நாள் படையல்ல அவருக்குன்னு தனியா ஏதாச்சும் வைப்பாங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அண்ணன்கிட்டயும் கேளுங்க. அப்படிக் கேட்டா அவரும் அழலாம், அவரும் அம்மா பெத்த புள்ளைதானே, அலமாரிய சீக்கிரம் காலி பண்ணச் சொல்றவங்க பல பேர் அதப் பாக்க முடியாமதான் சொல்றாங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல, 6 மாசத்துக்கு மேலயும் துக்கம் துளிகூட குறையாம அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு இருந்தா அதுக்குன்னு சிகிச்சை தேவைப்படலாம். சாப்பாடு இறங்கல, வீட்ட விட்டு வெளிய வர முடியலன்னா டாக்டர பாருங்க. "நானும் போயிடலாம்"னு நினைப்பு வந்தா 6 மாசமெல்லாம் எண்ண வேண்டாம், அன்னிக்கே வீட்டுல சொல்லிட்டு டாக்டர்கிட்ட போங்க, ராத்திரியா இருந்தா மனசு ஒடிஞ்சவங்க பேசுறத கேக்குற பிஃப்ரெண்டர்ஸ் உதவி லைனுக்கு போன் பண்ணுங்க.

கத்திய ஒளிச்சு வைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் போட்டு துடைச்சு, அதே புடவைத் துணியில சுத்தி, அம்மா படத்துக்குப் பக்கத்துல வைங்க. அண்ணன் கேட்டா இதுலதான் நாம படிச்சோம்னு சொல்லுங்க.