சொன்னவர் யார், சொன்னது எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூர்வீக வீட்டைப் பழுது பார்க்கிறோம். முகப்பில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' எழுத வேண்டும் என்பது என் ஆசை. 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்பதுதான் நம் வீட்டுக்குப் பொருத்தம் என்கிறார் அண்ணன். எதை எழுதலாம்? சுவரிலேயே எழுதிவிடலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அண்ணன் சொல்வது ஔவையாரின் கொன்றை வேந்தன் வரி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் கட்டிய வீட்டில் அந்த வரி இருப்பது நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு உங்களுக்கே. உங்கள் வரி புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் முதல் அடி. பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர், திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் மகிபாலன்பட்டி என்பார்கள். உங்கள் வட்டாரத்துக்காரர்!

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் அடியோடு நிறுத்தாதீர்கள். பாட்டு மொத்தம் 13 அடி. இரண்டாவது அடியே 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம்போல உயிர் முறைவழியே போகிறது என்று நடுவில் சொல்லிவிட்டு, அதனால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். முதல் அடி மட்டும் இருந்தால் அது வரவேற்புப் பலகை. இரண்டாவது அடியும் சேர்ந்தால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கும் அதில் சேதி இருக்கும்.

சுவரில் எழுத வேண்டாம். பழைய சுண்ணாம்புப் பூச்சை வழவழவென்று தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். எனாமல் பெயிண்டுக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கட்டி உரியும். சுரண்டப் போனால் பழைய மெருகும் சேர்ந்து போய்விடும். அந்த மெருகை மறுபடி கொண்டுவருவது லேசான காரியமில்லை.

தேக்குப் பலகையில் செதுக்கி மாட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று படிக்க ஓர் அங்குல எழுத்து போதும் என்பது போர்டு எழுதுபவர்களின் கணக்கு. தமிழில் சுழியும் கொம்பும் இருப்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். இருபதடி தள்ளித் தெருவிலிருந்து தெரிய மூன்று அங்குலம் வையுங்கள். அப்போது ஒரு வரிக்கு ஐந்தடி பிடிக்கும். ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலப் பலகையில் இரண்டு வரியும் அடங்கும். ஆழம் கால் அங்குலம் போதும். செதுக்குவதற்கு முன் அதே அளவில் காகிதத்தில் எழுதி ஒட்டி, வேறொருவரை எழுத்தெண்ணிப் படிக்கச் சொல்லுங்கள். 'கேளிர்' என்பது 'கேளீர்' ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மரத்தில் செதுக்கிய பிறகு திருத்த முடியாது.

கேள்வி: 'மெல்லத் தமிழ் இனிச் சாகும்' என்று பாரதியார் சொன்னதாகப் பள்ளிப் பட்டிமன்றத்தில் பேசலாமா?
– மாணவர், தேவகோட்டை

பதில்: கூடாது. 'என்றந்தப் பேதை உரைத்தான்' என்பது அதே பாட்டில் வருகிறது. பேதை ஒருவன் சொன்னதாகத் தமிழ்த்தாய் எடுத்துச் சொல்லி, இந்த வசை எனக்கு வரலாமா என்று துடிக்கிறாள். எட்டுத் திக்கும் சென்று கலைச்செல்வங்களைக் கொண்டுவரச் சொல்வதும் அதை ஒட்டித்தான். அந்த அடிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள், பேச்சு நிமிர்ந்து நிற்கும்.

கேள்வி: டைல் பட்டறையில் வேலை பழகுகிறேன். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருக்கிறார். பழகினால் மட்டும் வந்துவிடுமா? பிறவியிலேயே இருக்க வேண்டாமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: மேஸ்திரி சொல்வது ஔவையாரின் தனிப்பாடலில் பாதி. சித்திரம் கைக்கு, செந்தமிழ் நாவுக்கு, கல்வி மனத்துக்குப் பழக்கம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்' என்கிறார். கவனித்தீர்களா? பிறவிக் குணம் என்று அவர் வைத்தது மனுஷத்தன்மையை. கலையைப் பழக்கத்தின் பக்கம் வைத்துவிட்டார்.

உங்கள் தொழிலே இதற்குச் சாட்சி. கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து நிறக்கலவையை ஊற்றும்போது, கலவை தண்ணியாக இருந்தால் தகட்டுக்கு அடியில் கசிந்து பக்கத்து நிறத்தோடு கலக்கும். கெட்டியாக இருந்தால் மூலை நிரம்பாமல் துளை விழும். சட்டத்தை நேராகத் தூக்காவிட்டால் பூவின் ஓரம் இழுபடும். இந்தப் பதத்தையெல்லாம் கைதான் கற்றுக்கொள்ளும். அதுவரை ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். தினமும் டிசைனை மாற்றினால் தப்பு கலவையிலா, ஊற்றுவதிலா, தூக்குவதிலா என்று பிடிபடாது.

கேள்வி: எங்கள் ஆச்சிக்கு வாய் திறந்தால் சொலவடைதான். தொகுத்து, மணிவிழாவுக்கு வருபவர்களுக்குச் சிறு புத்தகமாகக் கொடுக்க நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: நல்ல காரியம், தள்ளிப்போடாமல் செய்யுங்கள். ஆனால் 'ஆச்சி, பழமொழி சொல்லுங்க' என்று எதிரே உட்காராதீர்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் வரும். வற்றல் காயப்போடும்போது, பெண் பார்த்துவிட்டு வந்து பேசும்போது, வரவு செலவு பார்க்கும்போது பக்கத்தில் இருங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். அன்று இரவே எழுதிவிட வேண்டும். நாள் கழிந்தால் சொல் நினைவிருக்கும், சந்தர்ப்பம் மறந்துவிடும்.

ஒரு சொலவடைக்கு ஓர் அட்டை. அதில் அவர்கள் வாய்ச்சொல் அப்படியே இருக்கட்டும், எழுத்துத் தமிழாக்க வேண்டாம். யாரிடம் சொன்னார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, திட்டாகவா, கேலியாகவா, ஆறுதலாகவா என்பதையும் குறியுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஒரு நாள் சொல்லும் ஆச்சி, மறு நாள் 'குட்டக் குட்டக் குனிகிறவன் முட்டாள்' என்பார்கள். இரண்டும் உண்மைதான். மாமியார் வீட்டுக்குப் புதிதாகப் போன பெண்ணுக்கு ஒன்று, பங்காளியிடம் ஏமாந்துகொண்டே இருப்பவனுக்கு இன்னொன்று. சந்தர்ப்பம் இல்லாமல் அச்சிட்டால் வாசிப்பவருக்கு வெறும் முரண்பாடாகத்தான் தெரியும்.

ஒன்றையே இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது 'அசல்' என்று போனில் சுற்றிவரும் விளக்கங்களை நம்பி ஆச்சியின் சொல்லைத் திருத்தாதீர்கள். ஒப்பிட வேண்டுமானால் பெர்சிவல் பாதிரியார் 1874-இலும் ஜென்சன் பாதிரியார் 1897-இலும் அச்சிட்ட பழமொழித் தொகுப்புகள் இருக்கின்றன. சாதியைப் பழிப்பதும் பெண்ணை இழிப்பதும் இடையே வரத்தான் செய்யும். அட்டையில் பதியுங்கள், விழாவில் கொடுக்கும் புத்தகத்தில் வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும்போது அகர வரிசையில் அடுக்காமல், கல்யாணப் பேச்சு, கொடுக்கல் வாங்கல், அடுப்படி, கோபதாபம் என்று பிரியுங்கள். அச்சடிக்கும் முன் ஆச்சிக்கு ஒரு முறை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பாதி அப்போதுதான் வெளியே வரும். அதற்காகவே விழாவுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.