வரிக் கடனைக் கரைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன்

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். என் கணவர் ஒப்பந்த முறையில் மென்பொருள் வேலை செய்கிறார். காலாண்டு வரியைக் கட்டத் தவறியதால் 2022, 2023 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸுக்கு 38,000 டாலர் பாக்கி. ரிட்டர்ன் மட்டும் இரண்டு ஆண்டும் உரிய நாளில் தாக்கல் செய்துவிட்டோம். போன மாதம் இந்தப் பாக்கிக்காக எங்கள் சொத்தின் மேல் அரசின் உரிமைக் கோரல், அதாவது லீன், பதிவானது. அடுத்த சில நாட்களிலேயே அரசு அலுவலகக் கடிதம் போல ஒன்று வந்தது. பயந்துபோய், வானொலியில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். "புதிய ஃப்ரெஷ் ஸ்டார்ட் திட்டம், மாத இறுதிக்குள் சேர்ந்துவிடுங்கள், நான்காயிரம் டாலரில் முடித்துத் தருகிறோம்" என்றார்கள். விசாரணைக் கட்டணம் என்று 795 டாலர் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மேலும் 5,400 டாலர் கேட்கிறார்கள். கட்டலாமா? வீடு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் பெறும், கடன் 3.6 லட்சம் இருக்கிறது. தென்காசியில் கணவர் பெயரில் ஒரு மனையும், வங்கியில் கொஞ்சம் வைப்பு நிதியும் உண்டு.

பதில்: கட்டாதீர்கள். 5,400 டாலருக்கு அவர்கள் செய்யப்போவதாகச் சொல்லும் காரியம், நீங்கள் தந்திருக்கும் கணக்குப்படி நடக்காது. நடக்கக்கூடியதை நீங்களே ஒரு மாலை நேரத்தில் கணினி முன் உட்கார்ந்து செய்துவிடலாம்.

முதலில் அந்தக் கடிதம். லீன் என்பது பொது ஆவணம். டெக்சஸில் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகும் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தப் பட்டியலைத் திரட்டி விற்பதே சிலருக்குத் தொழில். உங்கள் பெயர், முகவரி, பாக்கித் தொகை மூன்றும் அப்படித்தான் போயிருக்கும். இப்படிப்பட்ட கடிதங்களைப் பல வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் நான் விரித்துப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வைத்த உறை, கழுகுச் சின்னம், பார்கோடு, தடித்த எழுத்தில் "இறுதி அறிவிப்பு", கவுண்டியின் பெயரோடு ஏதோ ஒரு "வரிப் பிரிவு". கடிதத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே படிக்க முடிகிற எழுத்தில், இது அரசு அலுவலகம் அல்ல என்று ஒரு வரி. ஐ.ஆர்.எஸ். அனுப்பும் கடிதத்தில் அறிவிப்பு எண் அச்சாகியிருக்கும். பாக்கித் தொகையும் அறிவிப்புகளும் ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் தெரியும். அங்கே சரிபார்க்காமல் எந்தக் கடிதத்துக்கும் பயப்பட வேண்டாம்.

அடுத்து, "புதிய திட்டம்". ஃப்ரெஷ் ஸ்டார்ட் 2011-இல் வந்தது, 2012-இல் விரிவாக்கப்பட்டது. தவணை வரம்பை உயர்த்துவது, லீன் விதிகளைத் தளர்த்துவது, சமரசக் கணக்கை இலகுவாக்குவது போன்ற மாற்றங்களுக்கு அன்று வைத்த பெயர் அது. அதில் "சேர" விண்ணப்பம் கிடையாது, மாத இறுதிக் கெடுவும் கிடையாது. அந்தக் கெடு விற்பனையாளருடையது.

நான்காயிரத்தில் முடிப்பதாக அவர்கள் சொன்னது ஆஃபர் இன் காம்ப்ரமைஸ் என்ற சமரசத் திட்டத்தை. அது உண்மையான திட்டம்தான். வாழ்க்கை நொடித்துப்போன பலரை அது காப்பாற்றியிருக்கிறது. 2022 நிதியாண்டில் ஐ.ஆர்.எஸ்ஸுக்கு வந்த விண்ணப்பங்கள் 36,022, ஏற்கப்பட்டவை 13,165. ஆனால் அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஒரு சூத்திரம் முடிவு செய்கிறது. உங்கள் சொத்துகளின் நிகர மதிப்பையும், அனுமதிக்கப்பட்ட செலவு போக மாதம் மிஞ்சும் பணத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து மாதத்துக்குள் கட்டி முடிப்பதானால் மாத மிச்சத்தை 12-ஆலும், அதற்கு மேல் இழுத்தால் 24-ஆலும் பெருக்குகிறார்கள். இரண்டையும் கூட்டினால் வருவதே உங்களிடம் வசூலிக்க முடியும் என்று அரசு கருதும் தொகை. அதற்குக் குறைந்த தொகையை, மிக விதிவிலக்கான சூழ்நிலை இல்லாவிட்டால், ஏற்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை என்று மதிப்பில் 80 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 5 லட்சத்தில் 80 சதவீதம் 4 லட்சம். கடன் 3.6 லட்சம் போக மிச்சம் 40,000 டாலர். பாக்கி 38,000. மாத வருமானத்தைத் தொடுவதற்கு முன்பே, தென்காசி மனையைத் தொடுவதற்கு முன்பே, கணக்கு முடிந்துவிட்டது. பள்ளிக் கூட்டல் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய இந்தப் பதிலை, 795 டாலர் வாங்கிக்கொண்டு விசாரித்தவர்கள் உங்களிடம் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்த மனையைப் பற்றித் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டார்களா? சமரச விண்ணப்பத்தோடு தரும் 433-ஏ படிவத்தில் உலகில் எங்கே சொத்து இருந்தாலும் காட்ட வேண்டும். ஊரில் இருக்கும் நிலம், வைப்பு நிதி எல்லாம் அதில் வரும். பொய் என்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள் இருவரும்தான், விற்பனையாளர் அல்ல. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் ஆண்டில் ஏதாவது ஒரு நாள் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் இந்தப் படிவத்தில் வைப்பு நிதியை எழுதினால் வேறொரு சிக்கலுக்குக் கதவு திறக்கும். நம் ஊர்க்காரர்களின் கோப்புகளில் நான் முதலில் கேட்பதே இதைத்தான். எஃப்பார் தாக்கல் செய்யாமல் இருந்தால், வேறு எதையும் தொடுமுன் அதற்கென ஒரு வரி வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்த வியாபாரம் இரண்டு கட்டமாக நடப்பது வழக்கம். முதல் கட்டணம் சிறியது, விசாரணை என்று பெயர். உண்மையில், உங்கள் சார்பில் ஐ.ஆர்.எஸ்ஸிடம் பேச அதிகாரம் தரும் 2848 எண் படிவத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கி, உங்கள் வரிக் கணக்கு விவரமான டிரான்ஸ்கிரிப்ட்டை எடுப்பார்கள். உங்கள் இணையக் கணக்கில் அது இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் காட்டி இரண்டாவது, பெரிய கட்டணம். பேசுபவர் வரி நிபுணர் அல்ல, கமிஷனுக்கு வேலை செய்யும் விற்பனையாளராக இருப்பார். வழக்கறிஞர், சி.பி.ஏ. என்ற உரிமம் பெற்ற கணக்காளர், என்ரோல்டு ஏஜென்ட் என்ற ஐ.ஆர்.எஸ். அங்கீகாரம் பெற்ற வரி ஆலோசகர் ஆகியோரை நிதித்துறையின் சர்க்குலர் 230 என்ற விதித்தொகுப்பு கட்டுப்படுத்துகிறது. தவறான விளம்பரமும் நியாயமற்ற கட்டணமும் அதன்படி விதிமீறல். ஆகவே "என் 2848 படிவத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, அவர் என்னோடு பேசுவாரா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பல நிறுவனங்களில் நேரான பதில் வராது.

உங்கள் மாநிலத்திலேயே முன்கதை உண்டு. ஹூஸ்டனைச் சேர்ந்த டாக்ஸ்மாஸ்டர்ஸ் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்த நிறுவனம். முழுப் பணமும் வரும்வரை வேலையைத் தொடங்குவதில்லை என்பதை மறைத்தார்கள், கட்டண விதிகளைத் திரித்துச் சொன்னார்கள் என்று மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் 2010-இல் வழக்குப் போட்டார். 2012-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு 19.5 கோடி டாலருக்குத் தீர்ப்பு வந்தது. பெவர்லி ஹில்ஸில் இருந்த அமெரிக்கன் டாக்ஸ் ரிலீஃப் மீது நுகர்வோரைக் காக்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் தொடுத்த வழக்கில், 2012-இல் 10.3 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. தீர்ப்பில் எழுதிய தொகை வேறு, ஏமாந்தவர் கைக்குத் திரும்பி வருவது வேறு. திவாலான நிறுவனத்திடம் வசூலிக்க என்ன மிஞ்சியிருக்கும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பாக்கி, அபராதம், வட்டி மூன்றும் சேர்ந்து 50,000 டாலருக்குள் இருப்பதால், ஐ.ஆர்.எஸ். தளத்தில் நீண்டகாலத் தவணைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். 72 மாதத்தில் கட்டி முடிப்பதாக வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் அதற்குத்தான் குறைவு. 38,000-ஐ 72-ஆல் வகுத்தால் 528 டாலர். வட்டியும் அபராதமும் ஓடுவதால் மாதம் 700 டாலர் அளவில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடுதலாகக் கட்டுங்கள். ரிட்டர்னை நேரத்தில் தாக்கல் செய்திருப்பதால், தவணை ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் கட்டாமைக்கான மாத அபராதம் 0.5 சதவீதத்திலிருந்து 0.25 ஆகப் பாதியாகும். நேரத்தில் தாக்கல் செய்த நல்ல பழக்கம் உங்களுக்கு இப்போது காசாக உதவுகிறது.

2022-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அபராதம் எதுவும் இல்லையென்றால், 2022-க்கான கட்டாமை அபராதத்தை முதல்முறைச் சலுகையில் நீக்கும்படி தொலைபேசியிலேயே கேட்கலாம். கேட்பவருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

லீன் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. பாக்கி 25,000-க்குக் கீழே இறங்கி, தானியங்கிப் பிடித்தத்தில் மூன்று தவணை தொடர்ந்து போயிருந்தால், 60 மாதத்துக்குள் மீதி முடியும் நிலையில், 12277 படிவத்தில் லீனை விலக்கிக்கொள்ளக் கேட்கலாம். ஃப்ரெஷ் ஸ்டார்ட் உங்களுக்குத் தரும் உண்மையான பலன் இது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த ஆண்டின் காலாண்டு வரியை ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 தேதிகளில் கட்டியே ஆக வேண்டும். புதிய பாக்கி விழுந்தால் தவணை ஒப்பந்தம் முறிந்துவிடும். கணவருக்குப் பணம் வரும் நாளிலேயே ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஐ.ஆர்.எஸ். அனுப்பியவற்றில் 30 நாளுக்குள் மேல்முறையீடு கேட்கலாம் என்று சொல்லும் கடிதம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் 12153 படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்புங்கள். அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்.

நிபுணர் தேவைப்படும் நேரங்களும் உண்டு. பல ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருந்தால், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தால், ஐ.ஆர்.எஸ்ஸின் வசூல் அதிகாரியான ரெவின்யூ ஆபீசர் வாசலுக்கு வந்துவிட்டால், தனியாகப் போராட வேண்டாம். பக்கத்து ஊரில் முகம் தெரிந்த ஓர் என்ரோல்டு ஏஜென்டைப் பாருங்கள். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குக் குறைந்த வருமான வரிசெலுத்துவோர் மையங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ வழக்காடுகின்றன.

கட்டிய 795 டாலருக்கு: ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்பி, திருப்பித் தரக் கேளுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு பதிவு செய்யுங்கள். டெக்சஸ் அட்டர்னி ஜெனரலிடமும் ஃபெடரல் டிரேடு கமிஷனிடமும் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கையெழுத்திட்ட 2848 படிவத்தின் நகலை எடுத்து, முதல் பக்கத்தின் மேலே ரத்து செய்வதாக ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு ஐ.ஆர்.எஸ்ஸுக்கு அனுப்புங்கள். அதைச் செய்யாதவரை உங்கள் கடிதங்களின் நகல் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.