மோட்டார் அறையைப் பூட்டினால் வீடு காலியாகிவிடுமா?

கேள்வி: சென்னை மேற்கு மாம்பலத்தில் 2016-லிருந்து ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அக்ரிமென்ட் எதுவும் எழுதவில்லை. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். மகனுக்குக் கல்யாணம், பதினைந்து நாளில் காலி செய்யுங்கள் என்கிறார் ஹவுஸ் ஓனர். முடியாது என்றதும் தண்ணீர் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார். வாடகையையும் வாங்க மறுக்கிறார். அட்வான்சில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா? பின்பக்க அறையில் ஊர்க்காரப் பையன் ஒருவன் தங்கி எங்களுக்கு வாடகை தருகிறான்.

பதில்: வேண்டாம், வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அட்வான்சில் கழியட்டும் என்று இருந்துவிடுபவர்கள்தான் கோர்ட்டில் அதிகம் மாட்டுகிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இரண்டு மாத பாக்கியே வெளியேற்ற ஒரு காரணம். கையில் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் திரும்பி வந்தால், இந்தச் சட்டப்படி அரசு நியமித்துள்ள வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டலாம். திரும்பிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்கிறது 20-ஆவது பிரிவு. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு கேட்கலாம். பூட்டிய அறையைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு வந்து சாமானை வெளியே வைத்தால் நேராகக் காவல் நிலையம் போங்கள். வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவருடைய பதினைந்து நாள் கெடுவுக்கு வாய்ச்சொல் என்பதற்கு மேல் மதிப்பில்லை.

ஆனால் உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக வைத்து, உங்களை வெளியேற்றக் கேட்டு 21-ஆவது பிரிவில் அவர் மனு போடலாம். நல்ல வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். மகனின் குடியிருப்புக்குத் தேவை என்பதும் ஏற்கக்கூடிய காரணமே, அது உண்மை என்று அவர் காட்ட வேண்டும். ஆக, ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிடலாம் என்ற நம்பிக்கையை நான் தர மாட்டேன். அவகாசம் கேட்கும் நிலையில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு தேதியைப் பேசி முடித்து, அட்வான்ஸ் எப்போது கைக்கு வரும் என்பதையும் சேர்த்து எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. பேச்சில் இதை நினைவுபடுத்தலாம்.

அப்புறம் அந்த ஊர்க்காரப் பையன். போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது தனியாகவே வெளியேற்றக் காரணம். ஓனருக்குத் தெரிந்துதான் இருக்கிறான் என்ற சமாதானம் போதாது. தண்ணீர் மனு கொடுப்பதற்கு முன் அவனுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுங்கள்.