ஈரம் காயும்வரை ஜேசிபி வேண்டாம்

அன்புள்ள அண்ணாச்சி,

களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வேம்பு, வாகை, தேக்கு என்று நட்டது இப்போது அடர்ந்த தோப்பாகிவிட்டது. இந்தக் கார்த்திகை மழையில் தெற்கு மூலையில் பத்து நாளாகத் தண்ணீர் நிற்கிறது. நாலு மரம் சாய்ந்துவிட்டது, வேம்பு இலை மஞ்சளாகிறது. ஜேசிபி விட்டு அள்ளிச் சமப்படுத்திவிடலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?

ஒரு வாசகர், களக்காடு

அன்புள்ள தம்பி,

இப்போது வேண்டாம். தை பிறந்து மண் காயட்டும். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழை மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். கடையத்துப் பக்கம் என் தோட்டத்தில் பெரிய வாகை ஒன்று வேரோடு விழுந்தது. பாதை அடைபட்டுக் கிடக்கிறதே என்று ஐந்தாம் நாளே டிராக்டரை உள்ளே விட்டு இழுத்தேன். மரம் வந்துவிட்டது. ஆனால் டயர் போன தடத்தில் இன்றைக்கும் தண்ணீர் கட்டுகிறது. அதையொட்டி நின்ற இரண்டு வேம்பும் பட்டுப்போயின. ஈர மண்ணில் பாரம் ஏறினால் உள்ளே காற்றுப் போகிற துளையெல்லாம் அடைபட்டுவிடும். மேலே உழுது சரி செய்யலாம், அடியில் இறுகினது லேசில் இளகாது.

அதனால் மழைக்காலத்தில் தோப்புக்குள் என் வேலை பெரும்பாலும் நடந்து பார்ப்பதுதான். நல்ல மழை பெய்யும்போதே குடையோடு போங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எதில் முட்டித் திரும்புகிறது என்பது அப்போதுதான் தெரியும். மழை விட்டபின் போனால் குட்டை மட்டும்தான் தெரியும். வடிகிற வழி தூர்ந்திருந்தால் மண்வெட்டியால் வெட்டி விடுங்கள். அதற்கு மட்டும் தை வரை காத்திருக்கக் கூடாது.

மஞ்சளாகும் வேம்பின் பக்கத்தில் ஒரு சாண் தோண்டி மண்ணை முகர்ந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். வேம்பும் தேக்கும் தேங்கின தண்ணீரைத் தாங்காது. அந்த மூலையில் இனி மருதம், நாவல் வையுங்கள். தாமிரபரணிக் கரையில் மருதம் நிற்கிற நிலையைப் பார்த்தவர்தானே நீங்கள்.

சாய்ந்ததில் கைப்பருமன் உள்ளதை இப்போதே நிமிர்த்தி, கம்பு ஊன்றி, பழைய வேட்டித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மண் காய்ந்தால் நிமிராது. பெரிய மரமென்றால் காற்றடிக்கும்போது தள்ளி நின்று அடிமண்ணைக் கவனியுங்கள். மண் ஏறி இறங்கினால் அது விழப்போகிற மரம், கீழே ஆடு மாடு கட்டாதீர்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

விழுந்ததையும் முழுக்க அள்ள வேண்டாம். என் வாகைத் தடியில் பாதி அங்கேயே கிடக்கிறது. பட்டை இடுக்கில் வெள்ளைக் காளான், அடியில் மரவட்டை, அணைவில் நாலு இலை விட்ட வேப்பங்கன்று ஒன்று. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்புறம், சீமைக்கருவேலங்கன்று இருந்தால் இந்த ஈரத்திலேயே பிடுங்கிவிடுங்கள். இப்போது வேரோடு வரும், கோடையில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

தை கடைசியில் ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்றால் இன்னும் பொறுங்கள். உதிர்ந்தால் எழுதுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.