தட்டணு குறைவாக இருப்பவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஐந்து வருடமாக ஐடிபி (நோய் எதிர்ப்பு மண்டலமே தட்டணுக்களை அழிக்கும் நோய்) இருக்கிறது. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை 40,000-க்கும் 60,000-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தட்டணுவைக் கூட்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒருவேளை மண்ணீரலை எடுக்க வேண்டி வரலாம், அதற்கு முன்பே ஃப்ளூ, நியூமோகாக்கல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் மருத்துவர். தடுப்பூசியால் தட்டணு இன்னும் குறையும் என்கிறார்கள். ரத்தம் உறைந்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்னைப் போன்றவர்கள் போடாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். எப்போது, எப்படி என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ரத்தம் உறையும் என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். அது 2021-இல் அஸ்ட்ராஜெனெகா, ஜான்சன் போன்ற அடினோவைரஸ் வகை கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகு மிக அரிதாகக் காணப்பட்ட பிரச்சினை. பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிராக உடலில் உருவான ஆன்டிபாடிகள் தட்டணுக்களைக் கிளப்பிவிட, அவை கண்ட இடத்தில் உறைந்தன. உறைவதிலேயே செலவாகிப்போனதால் எண்ணிக்கையும் குறைந்தது. செய்தியில் ‘தட்டணு குறைந்தது’ என்று படித்ததும் ஐடிபி உள்ளவர்களுக்குத் தங்கள் நோயைப் பற்றிச் சொல்வதுபோல் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஐடிபியில் நடப்பது வேறு: ஆன்டிபாடி ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. நீங்கள் போட்டுக்கொள்ளப் போகும் இரண்டும் அடினோவைரஸ் வகையைச் சேர்ந்தவையே அல்ல. அந்தப் பயத்தை இவற்றின் மேல் ஏற்ற வேண்டாம்.

தட்டணு குறையுமா என்ற கேள்வி அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. குறையலாம். நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புவதுதான் தடுப்பூசியின் வேலை. உங்கள் நோயோ அந்த மண்டலத்தின் கோளாறு. கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட, ஏற்கெனவே ஐடிபி இருந்த 109 பேரைக் கவனித்த ஒரு ஆய்வில், முதல் டோஸுக்குப் பின் 19 பேருக்கு நோய் கிளம்பியது. எண்ணிக்கை பாதியாகக் குறைந்தவர்கள், 30,000-க்குக் கீழே இறங்கியவர்கள், அவசரச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. அதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மண்ணீரலை எடுத்துவிட்டவர்களும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளை முயன்று பார்த்தவர்களும்தான். கோவிட் தடுப்பூசியின் கணக்கை ஃப்ளூ ஊசிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அந்த இரண்டு கூட்டத்திலும் சேராத நிலையில், மண்ணீரல் இருக்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இப்போது ‘போடாமல் இருந்தால் பாதுகாப்பு’ என்பதற்கு வருவோம். போடாவிட்டால் தட்டணு அப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது? தொற்றுநோய்களும் தட்டணுவைக் குறைக்கும், பெரும்பாலும் தடுப்பூசியைவிட மோசமாக. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30,000 முதல் 40,000 டோஸ்களுக்கு ஒன்றில் தட்டணு குறைகிறது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுகிறது. அதே ரூபெல்லா நோயாக வந்தால், ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்குக் குறைகிறது. ஃப்ளூ காய்ச்சலில் ஐடிபி கிளம்புவது ரத்தவியல் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். மண்ணீரல் போன பிறகு நியூமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலாக இருந்தது இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசியின் அரிய விளைவை இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் போட்டுக்கொள்வது? ஊசிக்கு முந்தைய சில நாட்களுக்குள் ஒரு தட்டணுப் பரிசோதனை, போட்ட ஒரு வாரத்துக்குள் இன்னொன்று. இதைத் தவிர்க்காதீர்கள். உங்கள் எண்ணிக்கை சும்மாவே 20,000 ஏறி இறங்குகிறது. முந்தைய அளவு கையில் இல்லாமல், ஊசிக்குப் பின் 42,000 வந்தால் அது ஊசியால் இறங்கியதா, வழக்கமான ஆட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் பரிசோதனையிலேயே 30,000-க்குக் கீழே இருந்தாலோ, எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ மருத்துவரிடம் பேசித் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு ஊசியையும் ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடலாம், தடையில்லை. உங்கள் விஷயத்தில் நானாக இருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுவேன். எண்ணிக்கை இறங்கினால் எதனால் என்று குழம்ப வேண்டியிருக்காது, பாருங்கள்.

தசையில் போடும் ஊசி என்பதால் ரத்தக்கட்டு வரலாம். போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியைக் கேளுங்கள் (எண் கூடக்கூட ஊசி மெலிதாகும்). போட்டு முடித்ததும் பஞ்சை வைத்துக் குறைந்தது இரண்டு நிமிடம், முடிந்தால் இன்னும் கொஞ்ச நேரம், அழுத்திப் பிடியுங்கள். தேய்க்கக் கூடாது. பழக்கதோஷத்தில் தேய்த்துவிடுவோம், அதனால்தான் சொல்கிறேன். வலிக்கோ காய்ச்சலுக்கோ பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போகாதீர்கள். அவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும்.

அப்புறம் சில வாரங்கள் உங்கள் உடம்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும். கணுக்கால், முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்து, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாமல் இருந்தால், அல்லது வாய்க்குள் ரத்தக் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம், வழக்கத்தைவிட அதிகமான மாதவிடாய் என்றால், குறித்த தேதிக்குக் காத்திராமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடும் தலைவலியோ மயக்கமோ வந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான்.

எல்ட்ரோம்போபேக் எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தாது, நிறுத்த வேண்டியதில்லை. நடுவில் ஸ்டீராய்டு தொடங்கினாலும், நீங்கள் போடப்போவது உயிருள்ள கிருமித் தடுப்பூசி அல்ல என்பதால் ஆபத்தில்லை, பலன் கொஞ்சம் குறையலாம். மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து மட்டும் உயிருள்ள வகை, அது வேண்டாம். ஆன்டிபாடி உருவாவதை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து கொடுக்கும் பேச்சு வந்தால், அதற்கு முன்பே ஊசிகளை முடித்துவிடுங்கள். அது ஏறிய பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது.

மண்ணீரல் அறுவைக்குத் தேதி குறித்தால் நியூமோகாக்கல் மட்டும் போதாது. மெனிங்கோகாக்கல், ஹிப் தடுப்பூசிகளும் (இரண்டும் மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளுக்கு எதிரானவை) தேவை. எல்லாமே அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதால், தேதியை முடிவு செய்யும் அன்றே ஊசி அட்டவணையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.